ஆறு பாயாத ஏரி

கேள்வி: அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள கிரேட்டர் (Crater) ஏரியில் எந்த ஆறும் பாய்வதில்லையாமே? பிறகு எப்படி நிரம்பியது? ஏன் வழியவில்லை? (வாசகர், ஆத்தூர்)

பதில்: ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த மசாமா எரிமலை சுமார் 50 கன கி.மீ. பாறைக்குழம்பைக் கக்கியது. அடியில் குழம்பு காலியானதும் தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் உச்சி உள்ளே சரிந்தது. எட்டுக்குப் பத்து கி.மீ. அகலமுள்ள அந்தப் பள்ளம் மழையிலும் பனியிலும் மட்டுமே நிரம்பியது. அதற்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன. இன்றைய ஆழம் 594 மீட்டர்.

வழியாததற்குக் காரணம் வடகிழக்குச் சுவரில் இருக்கிறது. அங்கே தண்ணீரை உள்ளே விடும் தளர்வான படிவு ஒன்று உண்டு. நீர்மட்டம் அதை எட்டினால் கசிவு கூடும், இறங்கினால் குறையும். கசிவும் ஆவியாதலும் சேர்ந்து வரவை ஈடுகட்டிவிடுகின்றன.

கேள்வி: தண்ணீர் அவ்வளவு நீலமாக இருப்பது ஏன்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஆறு வராததால் வண்டலும் உரச்சத்தும் வருவதில்லை. பாசி குறைவு. தெளிந்த நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ள, நீலம் சிதறி மேலே வருகிறது. கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால், சராசரியாக 30 மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரியும். ஒளி அவ்வளவு தூரம் இறங்குவதால் நூறு மீட்டருக்குக் கீழேகூட மாஸ் (moss) என்ற சிறு தாவரம் தழைக்கிறது.

கேள்வி: அந்த ஏரியில் மீன் பிடிக்கலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: தாராளமாகப் பிடிக்கலாம். உரிமம் வேண்டாம், எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. ஏனென்றால் அந்த ஏரிக்குச் சொந்தமான மீன் எதுவும் கிடையாது. 1888 முதல் 1941 வரை மனிதர்கள் கொண்டுவந்து விட்டவற்றில் வானவில் ட்ரவுட், கோக்கனி சால்மன் இரண்டும் தங்கிவிட்டன.

புழு, மீன்துண்டு போன்ற இரை மட்டும் கூடாது. செயற்கைத் தூண்டில் இரைதான் அனுமதி. வெளி உயிரி ஒன்று உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அங்கேயே சாட்சி இருக்கிறது. மீன்களுக்குத் தீனியாக 1915-இல் கிரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறாலை விட்டார்கள். அது கரையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. அந்த ஏரியில் மட்டுமே வாழும் மசாமா நியூட், வாலுள்ள சிறு நீர்நில வாழி. அதன் நெருங்கிய உறவினங்களின் தோலில் கடும் நஞ்சு உண்டு. வேட்டையாடிகளே இல்லாத ஏரியில் வாழ்ந்த இதற்கு அந்தக் காப்பு கிட்டத்தட்ட இல்லை. கிரேஃபிஷ் பரவிய இடங்களில் நியூட்டைக் காண்பது அரிதாகிவிட்டது. பாசி மேயும் சிறு பூச்சிகளையும் கிரேஃபிஷ் தின்றுவிடுவதால், கரையோரப் பாறைகளில் பாசி தடிக்கிறது. மீன் கொண்டுவந்ததைவிடக் கிரேஃபிஷ் கொண்டுவந்த கேடே பெரிது. அவ்வளவு ஆழமும் பாறை இடுக்குகளும் உள்ள ஏரியில் அதை முழுவதுமாகப் பிடித்து ஒழிக்க நடைமுறையில் வழியில்லை.