நடுக்குப்பத்து வாளி

அன்புள்ள அம்மா,

என் தாயார் அங்கன்வாடி ஊழியர். சென்ற மாதம் அவர்கள் சங்கம் ஆட்சியர் அலுவலகம் முன்பு மறியல் நடத்தியது. துணைக்குப் போனேன். நான் பார்த்த முதல் போராட்டம். எல்லோரும் கோஷம் போட்டபோது எனக்குக் குரல் எழும்பவில்லை, ஓரமாகவே நின்றேன். பதினொரு மணிக்கு அவர்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, மாலையில் விட்டார்கள். மெரினாவைப்போல அமைதியாக, கட்டுப்பாடாக நடத்தினால் மக்கள் ஆதரிப்பார்களே என்று தோன்றியது. வாய் திறக்காமல் நின்றவன் போராட்டத்தில் கலந்துகொண்டவன் ஆவானா? அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன், இதனால் சிக்கல் வருமா?

(பெயர் வேண்டாம்), திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

தேர்வுக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்க வேண்டாம். வேலையைப் பணயம் வைத்துத் தார்ச்சாலையில் உட்கார்ந்தவர் உங்கள் அம்மா. நீங்கள் நின்றது நிழலில்.

குரல் எழும்பாததற்கு வருந்தாதீர்கள். தெருவில் சத்தம் போடாதே என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு முதல் நாளே தொண்டை திறக்காது. எனக்கும் திறக்கவில்லை.

ஆனால் ‘மெரினாவைப்போல’ என்று எழுதினீர்களே, அதை விடமாட்டேன். சாலையில் உட்கார்ந்து, வேனில் ஏறச் சொன்னதும் ஏறிய பெண்களிடம் என்ன அமைதிக் குறைவைக் கண்டீர்கள்? 1975இல் தொடங்கியது அங்கன்வாடித் திட்டம். இன்றும் ஒன்றிய அரசின் ஏட்டில் அவர்கள் சம்பளம் அல்ல, ‘மதிப்பூதியம்’ பெறுகிறவர்கள்தாம். பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2022 ஆகிவிட்டது. இதற்கு மேலும் எவ்வளவு அமைதி வேண்டும்?

அன்று உங்கள் அம்மா தண்ணீர் குடித்தாரா என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். போராட்டத்துக்குப் போகும் பெண்கள் முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். ஒதுங்க இடம் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

மெரினாவில் எனக்கு அது தெரியாது. ஜல்லிக்கட்டுப் போராட்டம், 2017 ஜனவரி 19ஆம் தேதி இரவு. தைப் பனி. யார் கொடுத்தாலும் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு மேல் தாங்க முடியாமல், கூட வந்த இரண்டு பெண்களோடு, பக்கத்திலிருந்த மீனவர் குடியிருப்பான நடுக்குப்பத்துக்குள் நுழைந்தேன். மீன் விற்கும் அக்கா ஒருவர் கேட்காமலேயே வீட்டைத் திறந்துவிட்டார். வாசலில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள். அந்த அக்கா அடிபம்பில் தண்ணீர் அடித்து, கைப்பிடி உடைந்து கயிறு கட்டிய நீல வாளியில் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார். மணலோடு உள்ளே போனால் சாக்கடை அடைத்துக்கொள்ளும், காலைக் கழுவிவிட்டுப் போங்கள் என்று ஒவ்வொருத்தியையும் அதட்டினார். காசு கொடுக்கப் போனவளுக்கு இன்னும் பலமாக விழுந்தது. விடிந்தால் அவர் மீன் எடுக்கப் போக வேண்டும். அன்று தூங்கியிருக்க மாட்டார்.

தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்தது இருட்டில் ஏற்றிய ஆயிரமாயிரம் கைபேசி வெளிச்சங்களை, குப்பை பொறுக்கிய மாணவர்களை. அவை பொய்யல்ல. அந்த மாணவர்கள் தங்கமானவர்கள். ஆனால் கடற்கரையில் அத்தனை பேர் நாள்கணக்கில் கட்டுப்பாடாக உட்கார்ந்திருக்க முடிந்ததற்கு அந்த வாளி ஒரு காரணம். சோறும் தண்ணீரும் கழிப்பறையும் இருந்தால் கூட்டம் பொறுமையாக இருக்கும். அதை ஏற்பாடு செய்கிறவர்களுக்கு மேடை கிடையாது. உங்கள் அம்மாவின் சங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. நான் அன்றே வீட்டுக்குத் திரும்பினேன். 23ஆம் தேதி காலை கடற்கரையிலிருந்து கூட்டத்தைக் காவல்துறை வெளியேற்றியது. ஓடிவந்த பிள்ளைகளுக்குக் குப்பத்தார் மறுபடியும் கதவைத் திறந்தார்கள். அன்று நடுக்குப்பத்தின் மீன் சந்தை எரிந்தது. எரித்தது காவலர்களே என்று குப்பத்துப் பெண்கள் குற்றம் சாட்டினார்கள். அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அந்த 23ஆம் தேதி மாலையே சட்டமன்றத்தில் ஜல்லிக்கட்டுச் சட்டம் நிறைவேறியது. ஊரெல்லாம் வெற்றி, இனிப்பு.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். கரிந்த கம்பங்கள் இன்னும் நின்றன. அந்த அக்கா தரையில் சாக்கை விரித்து நாலு கூறு சங்கரா வைத்திருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு கூறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடற்கரையில் கோஷம் வராததைவிட அங்கே வாய் வராததுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

மண்டபத்து வாசலில் மாலைவரை நின்றீர்களா, வீட்டுக்குப் போய்விட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. உள்ளே எத்தனை பெண்கள், எத்தனை கழிப்பறை என்று அம்மாவிடம் கேளுங்கள். சங்கம் அடுத்து எந்தத் தேதி குறித்திருக்கிறது என்றும் கேட்டு எழுதுங்கள். நானும் வருகிறேன். இரண்டு தண்ணீர்க் கேன்களை நீங்கள் தூக்கி வாருங்கள்.