கண் வழியாக மூக்குக்குப் போகும் ரத்தம்

"கண், மூக்குக்குப் போகும் ரத்தக்குழாய்க் கிளைகளை எல்லாம் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாண்டு எம்.பி.பி.எஸ். என்று நினைக்கிறேன். என்னை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கவிழ்த்ததும் இதேதான்.

"மூக்குக்கு ரத்தம் எங்கிருந்து?"

"எக்ஸ்டர்னல் கரோடிட் சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

தேர்வாளர் மண்டையோட்டைக் கையில் கொடுத்து, கண்குழியின் உள்சுவரில் இருந்த இரண்டு துளைகளைக் காட்டி, "அப்போ இது எதற்கு?" என்றார். விழித்தேன். போகச் சொல்லிவிட்டார்.

கழுத்து வழியே ஏறும் கரோடிட் ரத்தக்குழாய் எக்ஸ்டர்னல், இன்டர்னல் என இரண்டாகப் பிரியும். இன்டர்னலின் கிளையான, கண்ணுக்குப் போகும் ஆஃப்தால்மிக் ஆர்ட்டரி, விழித்திரைக்கு ஒரு கிளை கொடுத்துவிட்டு, அந்தத் துளைகள் வழியே முன், பின் எத்மாய்டல் கிளைகளை அனுப்புகிறது. மூக்கின் மேல்பகுதி அவற்றின் பொறுப்பு. பின்னாலும் கீழேயும் எக்ஸ்டர்னல் வழி வரும் ஸ்பீனோபாலடைன். முன் எத்மாய்டலும் ஸ்பீனோபாலடைனும் அண்ணம், மேலுதட்டுக் கிளைகளும் நடுச்சுவரின் முன்புறம் கூடும் இடம்தான் லிட்டில்ஸ் ஏரியா. பிள்ளைகள் மூக்கை நோண்டி ரத்தம் வரவழைப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

இ.என்.டி. பி.ஜி. படித்தபோது பைக்கிலிருந்து விழுந்த ஒருவர் மூக்கில் ரத்தத்தோடு வந்தார். மூக்குக்குள் துணித்திரி (பேக்) திணித்தோம், நிற்கவில்லை. எண்டோஸ்கோப்பில் ஸ்பீனோபாலடைனை அடைத்த பிறகும் மேலேயிருந்து வடிந்தது. "எம்போலைசேஷனுக்கு அனுப்பலாமே மேடம்" என்றேன். ரத்தக்குழாய்க்குள் துகள் விட்டு அடைக்கும் முறை அது. "அடைக்க விடுகிற துகள் விழித்திரைக் கிளைக்குள் போய்விட்டால் கண்ணை நீ கொடுப்பியா?" என்றார். பிறகு கண்ணின் உள்மூலையருகே கீறி, கண்ணீர்ப்பைக் குழியின் முன்விளிம்பிலிருந்து சுமார் 24 மி.மீ. உள்ளே முன் எத்மாய்டலைப் பிடித்து கிளிப் போட்டார். அங்கிருந்து 12 மி.மீ. தாண்டினால் பின்கிளை, அதற்கும் 6 மி.மீ. அப்பால் பார்வை நரம்பு. ஆளுக்கு ஆள் மாறும், ஸ்கேலோடு சண்டைக்கு வராதீர்கள்.

"ஒழுங்காக டிசெக்ஷன் (உடலை அறுத்துப் படிக்கும் வகுப்பு) பார்த்திருக்கலாமே" என்று யாராவது வருவீர்கள். ஓர் உடலைச் சுற்றி முப்பது பேர், நான் குள்ளம். புத்தகத்தில் ஆர்ட்டரி சிவப்பு, நரம்பு மஞ்சள்; ஃபார்மலினில் ஊறிய உடலில் எல்லாமே ஒரே பழுப்பு. முன்வரிசைக்காரர்கள் பிய்த்து முடித்த பிறகு எங்களுக்கு மிஞ்சியது நாற்றம்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பட்டியலை உருப்போடாதீர்கள். ஹாஸ்டலில் மண்டையோடு இரவல் வாங்கி அந்தத் துளைகளில் நூலை விட்டுப் பாருங்கள். மெதுவாக. அந்தச் சுவர் காகிதம் மாதிரி இருக்கும். நான் உடைத்துவிட்டு சீனியருக்குக் காசு அழுதேன்.