ஏசி அறையில் சட்டை உரிக்கும் பாம்பு

கேள்வி: பெரம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வசிக்கிறோம். அண்ணன் வேலைக்காக வெளியூர் போனபோது, அவன் வளர்த்த பால் பைத்தான் (ball python) என்ற பாம்பு என் பொறுப்புக்கு வந்தது. இரண்டு வயது, ஏறக்குறைய மூன்றடி நீளம். கொளத்தூரில் வாங்கிய கண்ணாடி மீன் தொட்டிக்குக் கம்பிவலை மூடி போட்டு, ஏசி உள்ள என் அறையில் வைத்திருக்கிறேன். நான்கு நாள்களாக அதன் கண்கள் வெளுத்திருக்கின்றன, எலியைத் தொடவில்லை. பாட்டி, கண் போய்விட்டது என்கிறார். அம்மா, தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். போன முறை சட்டை துண்டு துண்டாகத்தான் வந்தது. அதிலிருந்து வலக்கண்ணில் பழைய பளபளப்பு இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கண் போகவில்லை என்று பாட்டியிடம் முதலில் சொல்லிவிடுங்கள். பாம்புக்கு இமை கிடையாது. அதற்குப் பதிலாகக் கண்ணை மூடியபடி கண்ணாடிபோன்ற ஒரு செதில் இருக்கிறது, அதுவும் தோலின் ஒரு பகுதி என்பதால் சட்டையோடு சேர்ந்து கழன்றுவிடும். பழைய தோலுக்கும் அடியில் உருவாகியிருக்கும் புதிய தோலுக்கும் இடையே நீர்மம் ஊறி இரண்டையும் பிரிக்கும் நாள்களில் அந்தச் செதில் நீலம் கலந்த வெண்மையாகத் தெரியும், உடல் நிறம் மங்கும், வயிறு சற்றே சிவக்கும். பிறகு கண் தானாகவே தெளிந்துவிடும். தெளிந்ததுமே எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பலர் பாம்பைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். சட்டை கழல்வதோ அதற்கும் சில நாள்கள் கழித்துத்தான். தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பார்வை மங்கியிருக்கும் இந்த நாள்களில் பாம்பு மிரளும், சாதுவானதும்கூடச் சீறும். ஆகவே கையில் எடுக்க வேண்டாம், எலியையும் வைக்க வேண்டாம். சாப்பிடாததைக் கண்டு கவலைப்படவும் தேவையில்லை.

கவலைப்பட வேண்டியது உங்கள் தொட்டிக்குள் இருக்கும் காற்றைப் பற்றித்தான். காசிமேட்டுக் கடற்காற்றில் துவைத்த துணியே காய மாட்டேன் என்கிறது, இந்த ஊரில் ஈரப்பதத்துக்கு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். வெளியே குறையில்லை. இரவெல்லாம் ஏசி ஓடும் அறையிலோ அந்த ஈரம் தண்ணீராக வடிந்து, குழாய் வழியே வெளியே சொட்டிவிடுகிறது. மிச்சமிருப்பதும் கம்பிவலை மூடியின் வழியே வெளியேறிவிடுகிறது, சூட்டுக்காக மேலே விளக்கும் எரிந்தால் கேட்கவே வேண்டாம். போன முறை சட்டை துண்டு துண்டாக வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. பால் பைத்தானுக்குச் சாதாரண நாள்களில் 50 முதல் 60 விழுக்காடும், சட்டை உரிக்கும் நாள்களில் 60 முதல் 70 விழுக்காடும் ஈரப்பதம் வேண்டும். டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, பாம்பு படுத்திருக்கும் தரைமட்டத்தில் வையுங்கள். மூடிக்கு அருகில் தொங்கவிட்டால் அது காட்டும் எண் பாம்புக்குப் பொருந்தாது.

கம்பிவலையில் முக்கால் பங்கைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, கால் பங்கைக் காற்றோட்டத்துக்கு விடுங்கள்; விளக்கு எரியும் பக்கத்தை மட்டும் மூடிவிடாதீர்கள். அடுத்து, பாம்பு சுருண்டு படுக்கும் அளவுக்கு ஒரு மண்சட்டியை எடுத்து, விளிம்பில் நுழைவாயில் அளவுக்கு உடைத்து, உடைத்த இடத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூளைப் பரப்புங்கள். கைப்பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. தரை முழுவதையும் நனைத்து வைத்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகி அழுகும், ஆகவே ஈரம் அந்தச் சட்டிக்குள் மட்டும் இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். முகத்தை உரசிச் சட்டையைக் கிழிக்கத் தொடங்குவதற்குச் சொரசொரப்பான மரத்துண்டு ஒன்றும் வேண்டும். வெப்பம், சூடான பக்கத்தில் 31 முதல் 33 பாகை, மறுபக்கத்தில் 25 முதல் 27 பாகை செல்சியஸ் இருந்தால் சரி.

எண்ணெய் வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தோலுக்குக் குறைவது நீர்தானே தவிர நெய்ப்பு அன்று. எண்ணெயில் தூசிதான் ஒட்டும். பெயரைக் கேட்டு யாராவது கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தாலும் தடுத்துவிடுங்கள். பந்துபோல் சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் வந்த பெயர் அது, பாலுக்கும் பாம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சட்டை நல்லபடி கழன்றால், காலுறையைக் கழற்றுவதுபோல மூக்கில் தொடங்கி வால்வரை உட்புறம் வெளியாகத் திரும்பி ஒரே துண்டாக வரும். அதைத் தூக்கி எறிந்துவிடாமல் தலைப்பகுதியை விரித்து, டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கண் இருந்த இடங்களில் கடுகளவுக்குச் சற்றுப் பெரிய, மெல்லிய குமிழ்போன்ற இரண்டு மூடிகள் தெரிய வேண்டும். அங்கே ஓட்டை இருந்தால் மூடி பாம்பின் கண்ணிலேயே தங்கிவிட்டது என்று பொருள். பிறகு வால்நுனியைப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் வளர்த்த சோளப்பாம்பின் வாலில் மோதிரம்போல ஒரு வளையத் தோல் தங்கியதை, அடுத்த முறை போய்விடும் என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை அதன் மேல் இன்னொரு வளையம் சேர்ந்தது, இரத்த ஓட்டம் நின்று நுனி கறுத்து உதிர்ந்தது. அந்த மொட்டை வாலைப் பார்க்கும்போதெல்லாம் என் சோம்பல்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே, சட்டை கழன்று ஒரு நாள் ஆகியும் உடலிலோ வாலிலோ துண்டு ஒட்டியிருந்தால், கைக்குச் சுடாத வெதுவெதுப்பான தண்ணீரைப் பாம்பின் உடல் தடிமனில் பாதி அளவுக்கு ஒரு டப்பாவில் ஊற்றி, இருபது நிமிடம் அதில் விடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஈரத் துவாலை ஒன்றைக் கையில் தளர்வாகப் பிடித்து, அதனூடே பாம்பைத் தானாக ஊர்ந்துபோக விடுங்கள். பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும். வராவிட்டால் மறுநாள் மறுபடி ஊறவைக்கலாம், நகத்தால் பிய்க்கக் கூடாது.

கண்ணுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. உங்கள் பாம்பின் வலக்கண்ணில் போன முறை மூடி தங்கியிருக்கலாம், கண்ணைச் சுற்றி உண்ணி இருந்தாலும் இப்படி ஆகும். இடுக்கியாலோ செல்லோ டேப்பாலோ அதை எடுக்கப் போனால் அடியிலிருக்கும் உயிருள்ள செதிலும் கிழிந்து, கண்ணையே இழக்க நேரும். இம்முறை ஈரம் சரியாக இருந்தால் பழைய மூடியும் புதியதோடு சேர்ந்து வந்துவிடலாம். வரவில்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். பாம்பு பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தமும் 2024 விதிகளும் பால் பைத்தானை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அண்ணன் பதிவு செய்தாரா, பாம்பு இப்போது உங்களிடம் இருப்பது அதில் தெரிகிறதா என்று அவரிடம் இன்றே கேளுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது பாம்பைத் தலையணை உறையில் விட்டு, உறையின் வாயைக் கட்டி, காற்றுத் துளையுள்ள ஒரு டப்பாவுக்குள் வைத்து ஆட்டோவில் கொண்டுபோங்கள், பேருந்து வேண்டாம். கழன்ற சட்டையையும் செய்தித்தாளில் மடித்து எடுத்துச் செல்லுங்கள், மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.