மனநல வார்டில் கேர் பிளான் எழுதுவது வெறும் பேப்பர் வேலைதானா?

கேள்வி: நர்சிங் மாணவி நான். மனநல போஸ்டிங்கில் உளசமூக மதிப்பீடும் (நோயாளியின் மனநிலை, குடும்பம், சூழல் பற்றிய குறிப்பு) கேர் பிளானும் (அவரை எப்படிக் கவனிப்பது என்ற திட்டம்) எழுதச் சொல்கிறார்கள். எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது. இதனால் யாருக்கு என்ன பயன்?

பதில்: தாண்டிப் போகத்தான் நினைத்தேன், முடியவில்லை.

எல்லாருக்கும் ஒரே மாதிரி வருகிறதென்றால், சீனியரின் ஃபைலைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படி எழுதியவள்தான். "சுய பராமரிப்புக் குறைபாடு, தினமும் குளிக்க ஊக்குவித்தல்." இந்த வரியை எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கடுமையான மனச்சோர்வு நோயோடு ஒரு பெண்மணி அட்மிட் ஆனார். (நோயாளியின் கதையைப் பொதுவில் எழுதலாமா என்று யாரும் கிளம்ப வேண்டாம். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் மாற்றிவிட்டேன்.) நான்கு நாளாகக் குளிக்கவில்லை. மனச்சோர்வில் எழுந்து குளிக்கக்கூடத் தெம்பில்லாமல் போவது சகஜம் என்பதால் யாருக்கும் வேறு சந்தேகம் வரவில்லை. மூன்று ஷிப்டிலும் ஒரே குறிப்பு: "ஊக்குவிக்கப்பட்டது, மறுத்துவிட்டார்."

ஐந்தாம் நாள் சீனியர் சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, "மறுத்தாங்க, சரி. ஏன்னு கேட்டியா?" என்றார். "ஏம்மா இன்னும் குளிக்கல?" என்று தினமும் கேட்டிருக்கிறேன். ஆனால் அது கேள்வி இல்லை, அதட்டல்.

மதியம் வார்டு அடங்கியபின் ஃபார்ம் எதுவும் எடுக்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "குளிக்கப் போறதுக்கு இங்க என்னம்மா கஷ்டமா இருக்கு?" ரொம்ப நேரம் துண்டின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு, "கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையே சிஸ்டர்" என்றார்.

உள்ளே யாராவது தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் உடனே நுழைய வேண்டும் என்பதற்காக எங்கள் வார்டில் உள்தாழ்ப்பாள் கிடையாது. எங்களுக்குப் பாதுகாப்பு, அவருக்கு அதுவே பயம். ஏன் பயம் என்பது அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சிறு வயது, வீட்டிலேயே இருந்த ஒருவர். அதற்கு மேல் எழுத மாட்டேன். அட்மிஷன் ஃபார்மில் "துன்புறுத்தல் வரலாறு" என்ற இடத்தில் "இல்லை" என்று டிக் அடித்திருந்தது. பதில் சொன்னது, பக்கத்தில் நின்ற கணவர்.

திட்டத்தை மாற்றி எழுதினேன். பிரச்சினை, குளிக்காதிருத்தல். காரணம், தாழிட முடியாத கதவு பற்றிய பயம். ஆதாரம், அவர் சொன்ன அதே வாக்கியம், மேற்கோள் குறிக்குள். இலக்கு, மூன்று நாளுக்குள் ஒருமுறை குளிப்பது. செய்ய வேண்டியது, பெண் நர்ஸ் ஒருவர் கதவுக்கு முதுகைக் காட்டி வெளியே நிற்பது, நிற்பது தெரியும்படி பேசிக்கொண்டிருப்பது. மறுநாளே குளித்தார். நான் வாய்க்கு வந்ததையெல்லாம் உளறிக்கொண்டு வெளியே நின்றேன்.

உடனே "அப்போ ஃபார்மே வேண்டாமா?" என்று ஒருவர் வருவார். அப்படிச் சொல்லவில்லை. தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்க நமக்கே வாய் வராது. கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயம். அது தவறான பயம். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. மனச்சோர்வின் அளவைக் கேட்டறியும் பிஎச்க்யூ-9 படிவத்தின் ஒன்பதாவது கேள்வி அதைப் பற்றியதுதான். கூச்சத்தில் நாம் தாண்டிப் போகாமல் படிவம் பிடித்து நிறுத்துகிறது. எனக்குக் கடுப்பு, இப்போதைய கம்ப்யூட்டரில் இருக்கும் "நேற்றையதை நகலெடு" பட்டன் மீதுதான்.

இன்னொரு கடுப்பும் உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லை. "மனநல வார்டா? பேசிக்கிட்டே உட்கார்ந்திருக்கிற வேலைதானே" என்று ஐசியூவில் இருக்கும் என் தோழிகளே சொல்கிறார்கள். ஊசி போட்டால்தான் நர்ஸாம். ஒரு மணி நேரம் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்க, அவர்களும் வாயை மூடிக்கொண்டு கூடவே உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் தெரியும்.

சரி, யாருக்குப் பயன் என்று கேட்டீர்கள். இரண்டாவது முறை அந்தப் பெண்மணி குளிக்கப் போனபோது நான் டியூட்டியில் இல்லை. வெளியே நின்ற சிஸ்டர் போன் அடித்ததும் எடுக்கப் போய்விட்டார். பேச்சுச் சத்தம் நின்றதும் இவர் ஈரத்தலையோடு பாதியில் ஓடி வந்திருக்கிறார். பிறகு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த சிஸ்டரைக் குறை சொல்ல முடியாது. வெளியே நிற்கவும் என்று எழுதிய நான், எதுவரை என்று எழுதவில்லை. "குளித்துவிட்டு வெளியே வரும்வரை நகரக் கூடாது, போன் அடித்தாலும்" என்று அன்றைக்குச் சேர்த்து எழுதினேன்.