தாடி வேண்டும், வழுக்கை வேண்டாம்: ஊசிக்கு முன் எதை எடைபோடுவது?

கேள்வி: எனக்கு 23 வயது. திருநம்பி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தாடி, மீசை, ஆண் குரல் வேண்டும். மாதவிலக்கு நிற்க வேண்டும். ஆனால் தலைமுடி கொட்டிவிடுமோ, முகமெல்லாம் பரு வருமோ என்று பயம். என் தாய்மாமன்கள் இருவருக்கும் 30 வயதிலேயே வழுக்கை. குறைந்த டோஸில் போட்டால் தாடி மட்டும் வரும், முடி கொட்டாது என்கிறார் நண்பர். ஜிம்மில் ஒருவர் பாதி விலைக்கு மருந்து தருகிறேன் என்கிறார். வருகிற தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம், அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது. இந்த ஆவணியிலேயே ஆரம்பிக்கலாமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் முடியைப் பற்றி நிறைய இருக்கிறது, அக்கா கல்யாணத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த ஒரு வரிதான். வழுக்கை வருவதென்றால் பல வருடம் எடுத்துக்கொண்டு வரும், வராமலும் போகலாம். குரல் அப்படிக் காத்திருக்காது. ஆவணியில் முதல் ஊசி போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் தொண்டை கரகரக்க ஆரம்பிக்கும். தை பிறக்கும்போது முகூர்த்தத்துக்கு வந்த சித்தி, பெரியம்மா எல்லாரும் 'என்ன குரல் இப்படி ஆயிடுச்சு' என்று கேட்பார்கள். சளி என்று ஒரு வாரம் சொல்லலாம், மூன்று மாதம் சொல்ல முடியாது.

நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று பட்டியல் போடுவதால் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு கேள்வி கேளுங்கள். எப்போது வரும்? ஊசியை நிறுத்தினால் திரும்பிப் போகுமா?

சீக்கிரம் வருபவை முதல் ஆறு மாதத்துக்குள் தெரியும். தோலில் எண்ணெய் வடியும், பரு கிளம்பும், வியர்வை வாடை மாறும், பசி கூடும், காம உணர்வு கூடும். பெரும்பாலோருக்கு அதே ஆறு மாதத்துக்குள் மாதவிலக்கும் நின்றுவிடும். பிறப்புறுப்பின் மேல்பகுதி கொஞ்சம் வளரும், உள்ளே வறட்சி வரும். இதைப் பற்றிக் கேட்க எல்லாரும் கூச்சப்படுகிறார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். தசை ஏறுவதும், இடுப்புக் கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகர்வதும் மெதுவாக நடக்கும். தாடிக்குத்தான் நிஜமான பொறுமை வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பூனை முடி தடிக்கும். கன்னம் நிறைந்த தாடிக்கு நான்கைந்து வருடம் ஆகலாம். உயரம் கூடாது. மார்பு போகாது.

நிறுத்தினால் மாதவிலக்கு திரும்பி வரும், கொழுப்பு பழைய இடத்துக்குப் போகும், தசை இளைக்கும், பரு அடங்கும். குரல் திரும்பாது. வந்த தாடி போகாது. வளர்ந்த உறுப்பு சுருங்காது. கொட்டிய தலைமுடி தானாக முளைக்காது. ஆக, நீங்கள் ஆசைப்படும் குரலும் தாடியும், பயப்படும் வழுக்கையும் நிரந்தரப் பட்டியலில்தான் இருக்கின்றன. பரு அந்தப் பட்டியலில் இல்லை. முதல் வருடம்தான் அதன் ஆட்டம். தோல் மருத்துவரிடம் போனால் அடக்கிவிடலாம். பருவுக்காக இவ்வளவு பெரிய முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, முடிக்கு வருவோம். நண்பர் சொன்ன 'குறைந்த டோஸ்' கதையை நான் வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். டோஸைக் குறைத்தால் எல்லாமே மெதுவாகும், அவ்வளவுதான். தாடியை அனுப்பு, வழுக்கையை நிறுத்து என்று அந்த மருந்திடம் சொல்ல முடியாது. காரணம் எளிது. டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி தோலுக்குள் போய் டி.ஹெச்.டி. என்ற இன்னும் வீரியமான பொருளாக மாறுகிறது. தாடையில் முடியைத் தடிக்க வைப்பதும் அதுதான், உச்சந்தலையில் முடியின் வேரைச் சுருக்குவதும் அதுதான்.

தாய்மாமனை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் சரியில்லை. வழுக்கையில் பங்குள்ள ஒரு முக்கியமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பிறப்பில் ஆணாக உள்ளவருக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும் வரும், அதனால்தான் 'மாமனைப் பார்' என்ற பேச்சே வந்தது. உங்களுக்கு அப்பாவிடமிருந்தும் ஒரு எக்ஸ் வந்திருக்கிறது. வேறு பல மரபணுக்களும் இதில் சேர்த்தி. அப்பா, சித்தப்பா, தாத்தா தலைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். போகிற போக்கில் அவர்களுடைய தாடியையும் பாருங்கள், உங்களுக்கு எப்படி வரும் என்பதற்கு ஓரளவு துப்பு கிடைக்கும்.

தாடியையும் வழுக்கையையும் பிரிக்க முடியாது என்றேன் இல்லையா, அதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதைத் தவறான நேரத்தில் செய்து ஏமாந்தவர்கள் அதிகம். பினாஸ்டிரைடு என்று ஒரு மாத்திரை உண்டு. டி.ஹெச்.டி. உருவாவதைக் குறைக்கும், அதனால் தலைமுடி கொட்டுவதும் குறையும். கடைக்காரர் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார். ஊசி தொடங்கிய அன்றே இதையும் சேர்த்து விழுங்கினால் என்ன ஆகும்? எந்த டி.ஹெச்.டி. தாடியை வளர்க்க வேண்டுமோ அதையே நீங்கள் காசு கொடுத்து அடக்குகிறீர்கள். ஒரு தம்பி அப்படி ஒன்றரை வருடம் சாப்பிட்டுவிட்டு, 'ஊசி எனக்கு வேலை செய்யவில்லை டாக்டர்' என்று வந்து நின்றார். ஊசி வேலை செய்துகொண்டுதான் இருந்தது, மாத்திரையும் செய்துகொண்டிருந்தது. ஆகவே முதலில் தாடி வளரட்டும், உறுப்பு வளர்ச்சியும் முடியட்டும். அதற்குள் முன்நெற்றி வேகமாக ஏறினால் உட்கார்ந்து பேசலாம், தாடியா முடியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். தாடி ஓரளவு நிரம்பிய பிறகு என்றால் தொடங்கத் தடையில்லை, பயனும் உண்டு. சிலருக்கு இந்த மாத்திரையால் மனச்சோர்வு வருகிறது, ஆசை குறைகிறது. அப்படித் தெரிந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கருத்தரிக்க வாய்ப்புள்ளவர் இதைத் தொடவே கூடாது.

இடைப்பட்ட காலத்துக்கு மினாக்சிடில் தடவலாம். அது டி.ஹெச்.டி. பக்கமே போகாது, அதனால் தாடியைக் கெடுக்காது. வீட்டில் பூனை இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. தலையில் தடவிய மருந்தைப் பூனை நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து.

இப்போது ஜிம்காரர். தம்பி, இந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. மருந்துக் கடையில் 250 மில்லிகிராம் ஒரு ஆம்பூலாக வரும், கம்பெனி பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஜிம்மில் கைமாறுவது பெரும்பாலும் ரப்பர் மூடி போட்ட பெரிய குப்பி. உள்ளே என்ன எண்ணெய், எவ்வளவு மருந்து என்று விற்கிறவருக்கே தெரியாது. ஒரே குப்பியில் நாலு பேர் ஊசி விடுவார்கள். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் அப்படித்தான் பரவுகின்றன.

அவர் சொல்லும் அளவு அடுத்த ஆபத்து. பாடி பில்டர் கணக்கு வேறு. உங்களுக்கு வேண்டியது ஒரு சாதாரண ஆணின் ரத்தத்தில் இருக்கும் அளவு, அதற்கு மேல் ஒரு சொட்டுகூட அவசியமில்லை. இரட்டிப்பாகப் போட்டால் தாடி இரட்டிப்பு வேகத்தில் வராது. உபரியில் ஒரு பகுதியை உடம்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிக்கொள்ளும். ரத்தமும் கெட்டிப்படும். ரத்தப் பரிசோதனைத் தாளில் பி.சி.வி. அல்லது ஹீமடோக்ரிட் என்று ஒரு எண் இருக்கும், அதுதான் நான் முதலில் பார்க்கும் எண். 54-ஐத் தாண்டினால் டோஸைக் குறைப்போம், தேவைப்பட்டால் கொஞ்ச நாள் நிறுத்துவோம். ரத்தம் உறைந்து அடைப்பு வரும் பயம் இருப்பதால்தான் இந்த எச்சரிக்கை. பீடி, சிகரெட் அந்த எண்ணை இன்னும் ஏற்றும். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று கடிதத்தில் இல்லை. இருந்தால் ஊசிக்கு முன் அதை விட வேண்டும்.

பரிசோதனைத் தாள் பற்றி ஒன்று. உங்கள் ஆதாரில் 'பெண்' என்று இருந்தால் லேப் கம்ப்யூட்டர் பெண்களுக்கான அளவை வைத்து ஒப்பிட்டு, ஹீமோகுளோபின் 16 என்றால் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று அடித்துத் தரும். ஊசி போட்டு மாதவிலக்கு நின்ற பிறகு உங்களுக்குப் பொருந்துவது ஆண்களுக்கான அளவு, அதில் 16 சாதாரணம். டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்துப் பதறி 'சினைப்பையில் கட்டியா' என்று ஸ்கேனுக்கு அனுப்பிய கதையும் நடந்திருக்கிறது. இத்தனை வருடம் ஆகியும் ஒரு லேப் படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்க்க முடியவில்லை. அதை நான் யாரிடம் சொல்வது?

ஊசி தொடங்க இங்கே மனநல மருத்துவர் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்தை விற்பவர்கள் தனி ரகம். மனநல மருத்துவர் கடிதம், ஹார்மோன், ஆபரேஷன், சான்றிதழ் எல்லாம் சேர்த்து 'பேக்கேஜ்' என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். டபிள்யூபாத் என்ற, திருநர் மருத்துவத்துக்கான உலக அமைப்பு 2022-ல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு நெறிமுறைப்படி, தகுதியான ஒருவருடைய மதிப்பீடு போதும். இங்கே இன்னமும் இரண்டு கடிதம் கொண்டா, அப்பா அம்மாவைக் கூட்டிவா என்று அலைக்கழிக்கிறார்கள். 18 வயது நிரம்பியவரின் சம்மதம் அவருடையது. இந்த அலைக்கழிப்புதான் புரோக்கருக்குச் சோறு போடுகிறது.

அதே ஆட்கள் சொல்லும் இன்னொரு பொய்: 'ஊசி போட்டு இரண்டு வருடத்தில் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கேன்சர்.' புற்றுநோய் பயத்துக்காக மட்டும் எல்லாருக்கும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம் என்றுதான் அதே நெறிமுறை சொல்கிறது. எடுப்பது உங்கள் விருப்பமாக இருக்கலாம், அது வேறு. மாதக்கணக்கில் நின்றிருந்த ரத்தப்போக்கு ஊசி தவறாமலே திரும்ப வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

மாதவிலக்கு நின்றுவிட்டது, இனிக் கரு தங்காது என்று நினைக்காதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை ஆகாது. பிற்காலத்தில் தன் கருமுட்டையில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் துளி இருந்தாலும், முட்டையை உறைய வைப்பது பற்றி ஊசிக்கு முன்பே கேளுங்கள். செலவு அதிகம்தான், தெரிந்து வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லலாம்.

உங்கள் விஷயத்தில் என் கருத்து: கல்யாணம் வரை யாருக்கும் தெரியக் கூடாது என்பது மாறாத நிபந்தனை என்றால், ஆவணி வேண்டாம். தை முடியட்டும். இரண்டு வருடம் காத்தவருக்கு ஐந்து மாதம் கசக்கும் என்று தெரியும். மாதவிலக்குதான் உடனே வதைக்கிறது என்றால், குரலைத் தொடாமல் அதை மட்டும் நிறுத்த வேறு மாத்திரைகள் உண்டு, ஈஸ்ட்ரோஜன் சேராத வகையிலும் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள். அக்காவுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்ல முடியும் என்று தோன்றினால் கணக்கே மாறிவிடும். ஆனால் அது ஊசி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உங்கள் வீடு உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த ஐந்து மாதத்தில் ரத்த எண்ணிக்கை, கொழுப்பு, சர்க்கரை, கல்லீரல், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து ஒரு பைலில் வையுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. திருப்பூரிலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போகும். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இது இருந்தால் ஜிம்காரருக்கு வியாபாரம் ஏது? போகும்போது நிலக்கடலை ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள், சஸ்டனான் என்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசியில் கடலை எண்ணெய் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடும்போது கடைசி இரண்டு மூன்று நாள் சோர்வும் எரிச்சலும் வந்தால், அதே அளவைப் பாதியாக்கி வாரா வாரம் போடச் சொல்லிக் கேளுங்கள். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன் அளவை இரண்டு ஊசிக்கு நடுவில் வரும் நாளில் எடுக்க வேண்டும், ஊசி போட்ட மறுநாள் எடுத்தால் எண் எகிறிக் காட்டும். ஊசி போட்ட தேதியை ஆம்பூல் அட்டையிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.