இன்னும் எத்தனை வருசம் படிப்பு?

கேள்வி: கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். வயது 31. புள்ளிவிபரப் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் முடித்து ஆறு மாதம். ஜெர்மனியில் ஓர் ஆய்வுகூடத்தில், குழாயில் ஓடும் நீர் எப்படிக் கொந்தளிப்பாகிறது என்ற ஆய்வுக்கு இரண்டு வருட போஸ்ட்டொக் கிடைத்திருக்கிறது. ஆனால் பாய்ம இயக்கவியலை, அதாவது நீர், காற்று போன்றவை எப்படி ஓடுகின்றன என்ற பாடத்தை, நான் முறையாகப் படித்ததில்லை. இங்கே தற்காலிக விரிவுரையாளர் வேலையும் இருக்கிறது. வீட்டில் அம்மா மட்டும்தான். “இன்னும் எத்தனை வருசம் படிப்பு?” என்று கேட்கிறா. போகவா, நிற்கவா?

பதில்: பிள்ளை, முதலில் அம்மாவின் கேள்வி. போஸ்ட்டொக் படிப்பே இல்லை. பரீட்சை கிடையாது, முடிவில் பட்டமும் கிடையாது. மாதச் சம்பளத்துக்கு ஆராய்ச்சி செய்யும் வேலை அது, முடிகிற திகதியோடு வருகிறது. “வேலை கிடைத்திருக்கிறது” என்றே அம்மாவிடம் சொல்லுங்கள்.

பாய்மம் தெரியாது என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். இரணைமடுக் குளத்தில் துருசு (மதகு) திறக்கிற நாளில் வாய்க்கால் ஓரம் நின்று பாருங்கள். துருசடியில் சுழித்து நுரைக்கிற அதே தண்ணீர், வயலுக்குள் மெல்லிசாகப் பரவும் இடத்தில் ஒரு சருகைக்கூட ஆட்டாமல் கொண்டுபோகும். 1883இல் மான்செஸ்டரில் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுப் பார்த்தது இந்த வித்தியாசத்தைத்தான். நீரின் வேகம், குழாயின் விட்டம், நீரின் பிசுக்குமை (பிசுபிசுப்பு) எல்லாம் சேர்த்துக் கணிக்கும் எண்ணை ரெனோல்ட்ஸ் எண் என்பார்கள். அது சுமார் 2000க்குக் கீழே இருந்தால் குழாயில் கொந்தளிப்பு நிலைப்பதில்லை. சரியான எல்லை எது என்பதற்கு நூறு வருடத்துக்கு மேல் இழுபறி.

அந்த எல்லையடியில் கொந்தளிப்பு குழாய் முழுக்க இருக்காது, திட்டுத் திட்டாக வரும். ஒரு திட்டு அணைந்துபோகலாம், இரண்டாகப் பிரியவும் செய்யலாம். எப்போது எது நடக்கும் என்பது தற்செயல். பிரிவது அணைவதை முந்துகிற ரெனோல்ட்ஸ் எண் ஏறத்தாழ 2040 என்று 2011இல் அளந்து சொன்னார்கள். மாரியில் ஈர விறகு வைத்து அடுப்பு மூட்டிய கைக்கு இது தெரியும். ஒரு கொள்ளி அணைய முதல் பக்கத்துக் கொள்ளி பற்றினால் அடுப்பு எரியும், இல்லாவிட்டால் வெறும் புகைதான். இதற்கான கணக்கு உங்கள் துறையில்தான் இருக்கிறது, திசைப்பட்ட பெர்கொலேஷன்: தற்செயலாகப் பக்கத்துக்குப் பக்கம் தொற்றுகிற ஒன்று நிலைக்குமா, அணையுமா என்று பார்க்கும் கணக்கு. கொந்தளிப்பும் அப்படிப் பரவலாம் என்று பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் ஈவ் பொமோ 1986இல் சொன்னார். 2016இல் வேறு வகைப் பாய்ச்சல்களில் செய்த பரிசோதனைகள் அதற்குப் பலம் சேர்த்தன. ஆகவே அவர்கள் உங்களை எடுத்தது இந்தக் கணக்குக்காகத்தான் இருக்கும். பாய்மத்தை நாலைந்து மாதத்தில் பிடித்துவிடுவீர்கள். நம் வானியல் அறிஞர் சந்திரசேகரும் 1943இல் தற்செயல் நிகழ்வுகளைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியவர், 1961இல் பாய்மங்களின் உறுதிநிலை பற்றிப் பெரிய புத்தகமே போட்டவர்.

அப்புறம், ஒப்பந்தம். இரண்டு வருடமும் ஒரே கையெழுத்திலா, வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பதா என்று கேளுங்கள். என் முதல் போஸ்ட்டொக்கில் நான் இதைக் கேட்கவில்லை. ஒன்பதாம் மாதம் “பணம் வருமா தெரியாது” என்றார்கள். மிச்ச மூன்று மாதமும் விண்ணப்பம் எழுதுவதிலேயே போனது, பாதியில் நின்ற கட்டுரை இன்றைக்கும் பாதிதான். அந்தக் கூடத்தில் முன்பு இருந்த ஒருவரோடும் தனியாகக் கதையுங்கள். போகும்போது ஆய்வின் எந்தப் பகுதியைக் கையோடு கொண்டுபோக விட்டார்கள் என்று கேட்டாலே பேராசிரியரின் குணம் விளங்கிவிடும்.

இங்குள்ள வேலையும் தற்காலிகம்தானே? அதில் நாள் முழுக்கப் படிப்பிப்பீர்கள், ஆனால் கட்டுரை எழுத நேரம் கிடைக்காது. போகச் சொல்லித்தான் சொல்வேன். ஒரு விசயம் மட்டும் கவனம். ஐரோப்பிய ஒன்றியம் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கும் மேரி கியூரி உதவித்தொகைக்குப் பின்னால் விண்ணப்பித்தால், கடைசி 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்த நாட்டுக்குக் கேட்க முடியாது. ஜெர்மனிக்குக் கேட்கும் வாய்ப்பு போய்விடும், மற்ற நாடுகள் இருக்கும். திரும்பி வந்து வவுனியாவிலோ அறிவியல்நகரிலோ வேலை எடுத்தாலும் ஆராய்ச்சி அறுந்துபோகாது. வளரும் நாடுகளில் வேலை செய்பவர்கள் இடையிடையே வந்து தங்கி ஆராய்ச்சி செய்ய இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் மையத்தில் ஒரு திட்டமே இருக்கிறது.

அம்மா தனிய இருப்பதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். இராத்திரியில் பக்கத்தில் ஆர் இருப்பார்கள் என்பது தீராமல் விமானம் ஏற வேண்டாம். தொடங்கும் திகதியை இரண்டு மூன்று மாதம் தள்ளிக் கேட்பது வழமையான விசயம். சித்தியோ மாமியோ வந்து நிற்க ஒழுங்கு செய்யுங்கள். மாரி மழையில் அம்மா தனிய நிற்காதபடி, தை பிறந்த பிறகு வருகிறேன் என்று இன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.