கேள்வி–பதில்: இன்னும் ஒன்று அடங்குமா?

கே: 10 செ.மீ. விட்டமுள்ள ஊறுகாய் ஜாடிகளை 1 மீட்டர் சதுரத் தட்டில் பத்துக்குப் பத்தாக 100 அடுக்குகிறோம். இதற்கு மேல் ஒன்றுகூட நுழையாதா?

ப: ஆறு நுழையும். நேர் வரிசையில் தட்டின் பரப்பில் 78.5 சதவீதம்தான் நிரம்புகிறது. நான்கு ஜாடிகளுக்கு நடுவே விழும் சந்து அவ்வளவு பெரிது. அடுத்த வரிசையை அரை ஜாடி தள்ளி, முன்வரிசையின் பள்ளத்தில் உட்கார வையுங்கள். அப்போது ஒவ்வொரு வரிசையும் 10 செ.மீ.க்குப் பதில் 8.66 செ.மீ.தான் எடுக்கும். பத்து, ஒன்பது என மாறி மாறி 11 வரிசை, மொத்தம் 105.

இன்னும் 3.4 செ.மீ. மிச்சமிருக்கிறது. இரண்டு இடங்களில் மட்டும் பத்து ஜாடி உள்ள வரிசைக்குப் பின்னால் இன்னொரு பத்து ஜாடி வரிசையை நேராகவே வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 1.34 செ.மீ. கூடுதலாகப் போகும். வரிசை இப்படி வரும்: 10, 9, 10, 10, 9, 10, 10, 9, 10, 9, 10. மொத்தம் 106, நீளம் 99.3 செ.மீ.

ஜாடியை மூடியோடு சேர்த்து, அகலமான இடத்தில் அளந்துகொள்ளுங்கள். விட்டம் 1 மி.மீ. கூடினாலே ஒரு வரிசையில் பத்து நுழையாது, கணக்கு முழுவதும் கலைந்துவிடும்.

தட்டு சிறியதென்றால் இந்த வித்தை உதவாது. 70 செ.மீ. தட்டில் நேர் வரிசை 49 கொள்ளும். தள்ளி அடுக்கினால் 46தான். ஒன்று விட்டு ஒரு வரிசையில் ஓரத்தில் அரை ஜாடி அகலம் வீணாவதே காரணம். 80 செ.மீ.யில்தான் கட்டுப்படியாகிறது: 64க்கு 68.

கே: கிரில் வேலைக்கு 20 அடி பைப் வாங்கி வெட்டுகிறோம். துண்டு நிறைய வீணாகிறது. ஒழுங்கான முறை உண்டா?

ப: பெரிய அளவை முதலில் வெட்டுங்கள். 7 அடியில் நான்கு, 12 அடியில் நான்கு வேண்டும் என்று வையுங்கள். 7 அடியில் தொடங்கினால் இரண்டிரண்டாக 2 பைப் போகும். மிஞ்சும் 6 அடியில் 12 வராது, அதற்குத் தனியே 4 பைப். ஆக 6. பன்னிரண்டில் தொடங்கினால் ஒவ்வொன்றின் மிச்சத்திலும் ஒரு 7 அடங்கும். 4 பைப் போதும்.

இந்த முறையும் சில சமயம் காலை வாரும். 9, 8, 6, 5, 5, 5 அடி வேண்டுமென்றால், பெரியதிலிருந்து வெட்டும்போது முதல் பைப்பில் 9+8, அடுத்ததில் 6+5+5, கடைசி 5க்கு மூன்றாவது பைப். உண்மையில் 9+5+5, 8+6+5 என இரண்டிலேயே முடியும். ஆனால் இந்த இழப்புக்கு எல்லை உண்டு: மிகச் சிறந்த வெட்டுக்கு ஆகும் பைப்களின் 11/9 மடங்கோடு 6/9 சேர்த்தால் வரும் எண்ணை இந்த முறைக்கு ஆகும் பைப்களின் எண்ணிக்கை ஒருபோதும் தாண்டாது. இதை 2007-இல் ஹங்கேரியக் கணிதவியலாளர் டோசா நிறுவினார். ஆகவே ஏழெட்டுத் துண்டுதான் என்றால் காகிதத்தில் மாற்றிமாற்றிக் கூட்டிப் பாருங்கள். நூறு துண்டு என்றால் யோசிக்காமல் பெரியதிலிருந்து வெட்டுங்கள். 13+7 போல 20க்குச் சரியாக வரும் ஜோடியை நம்பவேண்டாம். பிளேடு தின்னும் இரண்டு மூன்று மி.மீ. ஏதாவதொரு துண்டில் குறையும்.

கே: பழக்கடைக்காரர் ஆரஞ்சைக் குவிக்கும் விதம்தான் மிக நெருக்கமானதாமே?

ப: ஆமாம், ஒரே அளவு உருண்டைகளுக்கு. 1611-இல் வானியலாளர் கெப்ளர் சொன்னதைக் கணிதவியலாளர் ஹேல்ஸ் 1998-இல்தான் நிரூபித்தார். அந்த நிரூபணத்தின் கணினிச் சரிபார்ப்பு 2014-இல் முடிந்தது. இப்படிக் குவித்தால் இடத்தில் நிரம்புவது 74 சதவீதம். கூடையில் கொட்டிக் குலுக்கினால் 64 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும்.